சீருடை வாங்க முடியாத பிள்ளைக்கும் சாரணர் படையில் இடம் வேண்டும்

பள்ளியில் சாரணர் படை தொடங்கலாமா என்று ஆசிரியரான நான் கேட்டபோது, "பணத்துக்கு என்ன செய்வீர்கள்?" என்றுதான் தலைமையாசிரியர் முதலில் கேட்டார். நியாயமான கேள்வி. திண்டுக்கல் மாவட்டத்தில், நிலக்கோட்டைப் பக்கம் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. பிள்ளைகளின் பெற்றோரில் பலர் விடியுமுன் பூப்பறிக்கப் போகிறவர்கள். மற்றவர்கள் கட்டட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறார்கள். அவர்களிடம் போய் இன்னொரு ரசீதை நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

படை தொடங்கும் நடைமுறை கடினமானதல்ல. ஓர் ஆசிரியர் அடிப்படைப் பயிற்சி முகாமில் தங்கிப் பயின்று வரவேண்டும். பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் மாவட்டச் சங்கத்தில் படையைப் பதிவு செய்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி. ஒரு படையில் 32 பேர் வரை இருக்கலாம். பதிவுக்கும் உறுப்பினர் கட்டணத்துக்கும் ஆகும் தொகை சிறியது, அதைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்றுக்கொண்டது.

கையைக் கடிப்பது சீருடைதான். சாம்பல் நிறச் சட்டை, கருநீலக் கால்சட்டை, கருநீலத் தொப்பி, ஸ்கார்ஃப், அதைக் கழுத்தில் பிடித்து நிறுத்தும் வாகிள், பெல்ட், விசில் கயிறு, பேட்ஜ்கள், கறுப்பு ஷூ என்று எல்லாம் சேர்த்து விசாரித்தபோது ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு செட் விலையில்லாப் பள்ளிச் சீருடையை அரசு தருகிறது. சாரணர் உடை அதில் வராது. பல இடங்களில் 'உடை வாங்க முடிந்தவர்கள் பெயர் கொடுங்கள்' என்றுதான் சேர்க்கையே தொடங்குகிறது. இது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத வழக்கம். இந்த இயக்கத்தின் பிறப்பே வேறு மாதிரியானது. 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமுக்கு வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு பவுண்டு வாங்கினார். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் வாங்கியது மூன்றரை ஷில்லிங்தான்; அன்று ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங். இருவரும் ஒரே கூடாரத்தில் படுத்தார்கள். யாரிடம் எவ்வளவு கேட்பது என்ற கேள்வி வரும்போதெல்லாம் நான் இந்தக் கணக்கைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

அதனால் உடைகளைப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக்காமல் படைக்கே சொந்தமாக்கினோம். ஈரோட்டுச் சந்தையில் துணியை மொத்தமாக வாங்கி வந்தோம். எங்கள் மாணவன் ஒருவனின் அம்மா மகளிர் குழுவில் தையல் வேலை செய்கிறார். அவர் சொன்ன யோசனையால் எங்களுக்குப் பெரும்பணம் மிச்சமானது. கால்சட்டையின் கீழே மூன்று அங்குலம் உள்மடிப்பு விட்டு, பெருந்தையலாகத் தைத்துக் கொடுத்தார். பையன் வளர வளர நூலைப் பிரித்து மடிப்பை இறக்கிக்கொள்ளலாம். இடுப்பிலும் அப்படியே பின்பக்கம் துணி விட்டிருக்கிறார். ஏழாம் வகுப்பில் உடுத்தியதை ஒன்பதாம் வகுப்பிலும் போட முடிகிறது. பிறகு துவைத்து, தேய்த்து, அறிவியல் ஆய்வகத்துத் தகரப் பெட்டிக்குத் திரும்புகிறது. தொப்பி, பெல்ட், பேட்ஜ் ஆகியவற்றை மட்டும் சாரணர் பொருள் விற்பனையகத்தில்தான் வாங்க வேண்டும். அவை ஆண்டுக்கணக்கில் உழைக்கும். தனியாக ஷூ வாங்க வேண்டாம், பள்ளிக்குப் போட்டு வருவதே போதும் என்று முதல் நாளே சொல்லிவிட்டோம்.

இதற்கான பணம் பெரும்பாலும் பிள்ளைகளின் உழைப்பிலிருந்துதான் வந்தது. நேர்மையாக உழைத்து ஈட்டுவதற்கு 'கரி கமாய்' என்றே ஒரு திட்டம் இயக்கத்தில் இருக்கிறது. எங்கள் படையில் அது கீரையில் தொடங்கியது. கைகழுவும் குழாய்த் தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்த இடத்தில் நான்கு பாத்தி கட்டி, ஓர் அணிக்கு ஒரு பாத்தி என்று கொடுத்தோம். சிறுகீரை இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வந்துவிடும். காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்பே கட்டுகள் ஆசிரியர் அறை வாசலில் இருக்கும். மதியத்துக்குள் ஒன்றும் மிஞ்சாது.

ஏப்ரல் மாதத்து வேலை இன்னும் நல்ல வருவாய் தந்தது. தேர்வு முடிந்ததும் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பாதி எழுதிய நோட்டுகளைக் கேட்டு வாங்குவார்கள். எழுதாத தாள்களைப் பிரித்து, விளிம்பு சரிபார்த்து, கோணூசியால் துளையிட்டு, சணல் நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலுறையாக ஒட்டுவார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு நோட்டு பத்து ரூபாய். பொட்டலம் கட்டவும் கணக்கெழுதவும் கடைத்தெருவில்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எழுதிய தாள்கள் எடைக்குப் போயின. நவம்பர் 7, இயக்கத்தின் நிறுவன நாள். அன்று விற்கும் கொடி ஒட்டுவில்லைகளில் வரும் பணத்தை இதில் சேர்ப்பதில்லை; அது சங்கத்துக்குச் சேர வேண்டியது, கணக்கும் தனி.

உண்டியல் ஏந்தித் தெருவில் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்திருந்தோம். ஒரு வணிக நிறுவனம் மொத்தச் செலவையும் ஏற்பதாகச் சொன்னது. பிள்ளைகளின் ஸ்கார்ஃபில் அதன் பெயர் அச்சிட வேண்டும் என்றார்கள். மறுத்துவிட்டோம். பொருளாகத் தருகிறவர்களை வரவேற்கிறோம்: ஒருவர் கயிறு தந்தார், ஒருவர் தார்ப்பாய், தோப்புக்காரர் ஒருவர் மூங்கில் கழிகள்.

எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்பதை மாதம் ஒருமுறை அணித்தலைவர்கள் கூடிப் பார்க்கிறார்கள். வங்கிக் கணக்கில் தலைமையாசிரியரும் நானும் கையெழுத்திடுகிறோம். செலவைத் தீர்மானிப்பது அணித்தலைவர்களின் கூட்டம். ஒருமுறை டிரம் வாங்க வேண்டும் என்று ஓர் அணி வாதாடியது. முதலுதவிப் பெட்டியில் முக்கோணக் கட்டுத்துணிகள் குறைவாக இருப்பதை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து சொன்னான். துணிதான் வாங்கப்பட்டது. சாரணர் விதிகளில் எட்டாவது சிக்கனம் பற்றியது; அதை நான் சொல்லித் தருவதைவிட இந்தக் கூட்டம் நன்றாகச் சொல்லித் தருகிறது.

செயல்பாடுகளுக்குப் பணம் அவ்வளவாக வேண்டாம். முடிச்சுகள் பழகக் கயிறு போதும். நடைப்பயணம் என்றால் காலையில் கிளம்பிக் கண்மாய்க்கரை வரை நடந்து, வழியில் சாரணர் தடக்குறிகளைக் கற்களால் வைத்துக்கொண்டு போவோம். பாத்திரமில்லாச் சமையலைப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துச் செய்வார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தணலில் புதைப்பார்கள். முட்டையில் களிமண் பூசிச் சுடுவார்கள். பிசைந்த கோதுமை மாவைக் குச்சியில் சுற்றித் தீயில் வாட்டுவார்கள். மாவில் சாம்பல் ஒட்டியிருக்கும், யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். தலைக்கு முப்பது ரூபாய்க்குள் அன்றைய சாப்பாடு முடிந்துவிடும்.

மாநில அளவிலான சாரணர் விருதான ராஜ்ய புரஸ்காருக்குரிய தேர்வு முகாம்தான் பெரிய செலவு: பஸ் கட்டணம், முகாம் கட்டணம், உணவு, கூடாரத்துக்கான பொருள்கள். 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட்டில் இயக்கத்தின் வைர விழா ஜம்போரி, அதாவது சாரணர்களின் பெருந்திரள் முகாம், நடந்த பிறகு பிள்ளைகளின் ஆசையும் வளர்ந்துவிட்டது. முகாமுக்குப் பெற்றோர் பங்கு என்று ஒன்று வைத்தோம். அவரவர் முடிந்ததை உறையில் போட்டுத் தரலாம், உறையில் பெயர் எழுதக்கூடாது. குறைகிற தொகையைப் படைக் கணக்கு தாங்கும். சில உறைகளில் இருபது ரூபாய் இருந்தது. அதைப் போட்ட அம்மா அன்று எத்தனை கிலோ மல்லிகை பறித்திருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த உறைகளை நான் மதிப்போடுதான் பிரித்தேன்.

வருகிற ஜூனில் மாணவிகளுக்கான சாரணியர் படையும் தொடங்குகிறது. சக ஆசிரியை ஒருவர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். உடைக்கான துணிக்குப் பாதிப் பணம் கையில் இருக்கிறது. மீதிக்கு இப்போதே ஐந்தாவது கீரைப்பாத்தி வெட்டியாகிவிட்டது; கோணூசி இரண்டு கூடுதலாக வாங்க வேண்டும்.