பள்ளிச் சுவரில் ஒரு கண்மாய்

மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் வெளிச்சுவரில் கண்மாய் ஓவியம் வரைவதற்கு எப்படி அனுமதி கிடைத்தது என்று நண்பர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

முதலில் தீர்க்க வேண்டியது சுவர் யாருடையது என்பதுதான். ஊர்க் கண்மாயின் மடையை ஒட்டிய தடுப்புச் சுவரில்தான் வரைய விரும்பினேன். ஆனால் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. இந்தக் கண்மாயோ பெரியது. கோப்பு மேலிடம் வரை போய்வர வேண்டும் என்பதால், எதிரே இருந்த பள்ளிச் சுவரைத் தேர்ந்தெடுத்தேன். பொது இடத்துச் சுவரில் அனுமதியின்றி வரைவது, பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நல்ல நோக்கம் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. 2023 முதல் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் கிராம சபை கூடுவதால், அந்தக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றச் செய்து, அதன் நகலையும் தலைமையாசிரியரின் இசைவுக் கடிதத்தையும் இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனுக் கொடுத்தேன். தீர்மானம் கையில் இருந்ததால் பிறகு பெரிய இழுபறி இல்லை.

உண்மையான வேலை மாதிரிப் படத்தை ஊராரிடம் காட்டியபோதுதான் தொடங்கியது. தாமரை, கொக்கு, 'நீரின்றி அமையாது உலகு' என எல்லாம் அதில் இருந்தன. வயல்களுக்கு நீரைத் திறந்துவிடும் ஊரின் நீர்பாய்ச்சியான பெரியவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "கொக்கு கெடக்கட்டும் தம்பி, இதுல வரத்துக்கால் எங்க, கலுங்கு எங்க?" என்று, நீர் வரும் வாய்க்காலையும் மிகுநீர் வெளியேறும் வழியையும் கேட்டார். இப்படத்தை எந்த ஊர்ச் சுவரிலும் வரையலாம் என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடமிருந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு, பெரியவர் கை காட்டிய வழியே நடந்து புதிதாக வரைந்தேன். முல்லைப் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தில் இறங்கி, வைகை அணையில் தேங்கி, பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குத் திரும்பி, கள்ளந்திரியைக் கடந்து இந்த ஒருபோக நிலங்களை அடைவதும், கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே எந்தக் கண்மாய்க்கு மறுகால் பாய்கிறது என்பதும் சுவர் முழுக்க நீண்டன. கொக்குகளுக்கு ஒரு மூலை மிஞ்சியது.

சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்து வண்ணம் பொரிந்து உதிரும் என்பதால், தரையிலிருந்து ஓரடி உயரத்தை வெறுமனே விட்டேன். பழைய விளம்பரங்களைச் சுரண்டி, வெள்ளை சிமெண்ட் பூசி, பிரைமர் காய்ந்த பின், நீலத்தில் நனைத்த நூலை அடித்துக் கட்டம் பிரித்தோம். மேற்கு பார்த்த சுவர் என்பதால் காலையில் மட்டுமே வேலை. வெயில் ஏறினால் எமல்ஷன் தூரிகையிலேயே இறுகிவிடுகிறது.

வரத்துக்காலின் ஒரு கிளை வீட்டுமனைகளுக்கு நடுவே போவதைக் கண்டு, மனைக்காரர் ஒருவர் அந்த நீலக் கோட்டை அழிக்கச் சொன்னார். ஆவணத்தில் அது ஓடைப் புறம்போக்கு என்றே இருந்ததால் ஊராட்சியினர் மறுத்துவிட்டார்கள். படத்தின் முன் நின்று பேசிய ஆயக்கட்டு விவசாயிகள், அந்தக் கிளையை அளந்து கல் நடுமாறு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். நில அளவர் இன்னும் வரவில்லை.