டார்ச் வெளிச்சத்தில் நவீன ஓவியம்

ஓவியக் காட்சிக்கூடத்தில் படம் மாட்டுவது என் வேலை. பெட்டியைப் பிரித்து, கீறல், விரிசல், பூஞ்சை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக் குறிப்பெழுதிய பிறகுதான் படம் சுவருக்குப் போகும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மூலைக்கு மூலை அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். நவீன ஓவியத்தை ரசிக்க நான் பழகியது அந்த மேஜையில்தான்.

தள்ளி நின்றால் ஒரு வெள்ளைப் பரப்பு, நடுவே ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான் என்று தோன்றும் படத்தை டார்ச்சில் பாருங்கள். வெள்ளை ஒரே பூச்சாக இருக்காது. ஒரு இடத்தில் தூரிகை மேலிருந்து கீழாகப் போயிருக்கும், பக்கத்திலேயே குறுக்காக. பெயிண்டுக்குள் ஒரு தூரிகை முடி சிக்கிக் காய்ந்திருக்கும். அந்தக் கோடு முதலில் விரற்கடை தள்ளி இருந்து, பிறகு சுரண்டி எடுக்கப்பட்டு, இப்போதுள்ள இடத்துக்கு வந்திருப்பது மேடுபள்ளத்தில் தெரியும். அந்த விரற்கடைக்காக ஒருவர் எவ்வளவு யோசித்திருப்பார்!

"இதை என் பிள்ளையே வரைவானே" என்று பார்வையாளர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வராது, நியாயமான சந்தேகம்தான். அவர்களிடம் டச்சு ஓவியர் மோன்ட்ரியானைப் பற்றிச் சொல்வேன். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த, கறுப்புக் கோடுகளும் வண்ணக் கட்டங்களும் மட்டுமேயான படங்களுக்கு வருவதற்கு முன் அவர் வருடக்கணக்கில் மரங்களை வரைந்தார். சிவப்பு மரத்தில் கிளைகள் கிளைகளாகவே இருக்கின்றன, 1911-இல் வரைந்த சாம்பல் மரத்தில் அவை வளைகோடுகளாகின்றன, 1912-இல் பூத்த ஆப்பிள் மரத்தில் மரத்தையே தேட வேண்டியிருக்கிறது. வரையத் தெரிந்த கை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. மூன்றையும் வரிசையாகப் பார்த்தவர்கள் அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

ஓவியர்கள் மாட்டும் நாளில் வந்தால் படத்தின் பொருளைப் பற்றிப் பேசுவது குறைவு. இன்னும் கொஞ்சம் கீழே இறக்குங்கள், அந்த விளக்கைத் திருப்புங்கள், இவை இரண்டும் பக்கத்தில் வேண்டாம் என்பார்கள். அதெல்லாம் வீண் பிடிவாதமில்லை. அமெரிக்க ஓவியர் ராத்கோ 1958-இல் நியூயார்க்கில் ஒரு ஆடம்பர உணவகத்துக்காகச் சுவரோவியங்கள் வரைய ஒப்புக்கொண்டார். வரைந்த பிறகு அங்கே போய்ச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, தன் படங்களுக்கு இது இடமில்லை என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவற்றில் 9 இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, மங்கிய வெளிச்சத்தில்.

எல்லாமே எனக்குப் பிடிக்கிறது என்று சொல்ல மாட்டேன். டார்ச்சில் பார்த்தும் ஒன்றும் தராத, அவசரத்தில் முடித்த படங்கள் உண்டு. ஆனால் அதை முடிவு செய்ய நின்று பார்த்தாக வேண்டும், அதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. 1961-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் 'படகு' என்ற படம் 47 நாட்கள் தலைகீழாகத் தொங்கியது. கண்டுபிடித்தது பங்குத் தரகு வேலை பார்த்த ஒரு பெண். தண்ணீரில் விழும் நிழல் படகைவிட நுணுக்கமாக இருக்குமா என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. கண்காட்சிக் கையேட்டை வாங்கிச் சரிபார்த்தும்விட்டார்.