மூக்கு அச்சும் மஞ்சள் முக்கோணமும்

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது அரை மணி நேர வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தேன். என் அரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அப்பா மட்டும் "நான் சாயந்திரம் பார்த்துக்கறேன்" என்று எழுந்து போய்விட்டார். கம்ப்யூட்டர் முன்னால் அவர் உட்காரும் அழகு தெரியுமே. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, எழுத்தை முகர்ந்து பார்ப்பதுபோல் படிப்பார். திரையின் நடுவில் அவர் மூக்கு அச்சு எப்போதும் இருக்கும்.

விண்டோஸ் ஏறிவிட்டது. ஆனால் திரை 1024-க்கு 768 புள்ளிகளிலேயே நின்றுவிட்டது. அகலத் திரையில் அதை இழுத்துப் பரப்பினால் வட்டமெல்லாம் நீள்வட்டம்தான். சோதித்துப் பார்க்க அக்கா கல்யாண ஃபோட்டோவைத் திறந்தேன். மச்சான் ஏற்கெனவே கொஞ்சம் அகலம். இப்போது பாதிப் படத்துக்கு அவரே இருந்தார். டிவைஸ் மேனேஜரைப் பார்த்தால் 'பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருக்கிறது. உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸ் கார்டு, அதாவது திரைக்குப் படம் அனுப்புகிற அட்டை, யாரென்று விண்டோஸுக்குத் தெரியாததால், ஏதோ படம் தெரிந்தால் போதும் என்று ஓர் ஒப்புக்குச் சப்பாணியை உட்கார வைத்திருந்தது.

கார்டோடு எப்படிப் பேசுவதென்று விண்டோஸுக்குச் சொல்லித்தருகிற மென்பொருளான டிரைவரைப் போட வேண்டும். (டிரைவர் இல்லாமல் வண்டி எப்படி ஓடும் என்ற ஜோக்கைச் சித்தப்பா ஒரு தடவையும் மச்சான் மூன்று தடவையும் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் சொல்லப்போவதில்லை.)

கார்டின் பெயரில் ஓர் எண் உண்டு என்பது வரை ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பின்னால் டிஐயா, சூப்பரா, எக்ஸ்டியா, அதுதான் தெரியவில்லை. பெட்டி பரணில் இருக்கிறது. பரணில் போனது திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. சரி, தேடிப் பார்ப்போம் என்று தேடினால், முதலில் வந்த பக்கத்தில் ஐந்து பச்சைப் பொத்தான்கள், ஐந்திலும் 'டவுன்லோட்'. ஒன்றை அமுக்கியதும் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் தானாகவே என் கணினியைப் பரிசோதித்து, 23 டிரைவர்கள் பழசாகிவிட்டன என்று சிவப்பில் அலறியது. அதில் ஒன்று பிரிண்டருக்காம். எங்கள் வீட்டில் பிரிண்டர் கிடையாது.

வேறு வழியில்லாமல் அக்கா பையனுக்குப் ஃபோன் போட்டேன். பத்தாவது படிக்கிறான். எடுத்ததும், "மாமா, கேபிள் கார்டுலதானே சொருகியிருக்கு?" என்றான். போன வருடம் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகிவிட்டு ஒரு மாதம் கார்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதை இந்தக் குடும்பம் மறக்காது போலிருக்கிறது.

"டேய், விஷயத்துக்கு வா."

"டிவைஸ் மேனேஜர்ல ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், அப்புறம் ஹார்ட்வேர் ஐடி. 'வென்' பக்கத்துல என்ன இருக்கு, படிங்க."

அந்த நாலெழுத்தில்தான் கார்டின் குலம் கோத்திரம் எல்லாம் இருக்கிறதாம். 10டிஇ என்றால் என்விடியா. 1002 என்றால் ஏஎம்டி. 2006-ல் ஏடிஐ என்ற கார்டு கம்பெனியை வாங்கியபோது அதோடு வந்து சேர்ந்த எண். இன்டெலுக்கு 8086, 1978-ல் வந்த அவர்களுடைய சிப்பின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து 'டெவ்' என்று இருப்பதுதான் மாடல். இவ்வளவையும் ஒரு மாடலுக்காகக் கேட்டுக்கொண்டு, தயாரிப்பாளரின் பக்கத்துக்கே போய் இறக்கினேன். 600 எம்பிக்கு மேல்! ஒரே மூட்டைக்குள் பல தலைமுறைக் கார்டுகளுக்கானதும், நான் ஜென்மத்தில் விளையாடப்போகாத கேம்களுக்கான ஒட்டுப்போடல்களும் இருக்கின்றன.

இன்ஸ்டால் ஓடும்போது திரை இரண்டு மூன்று தடவை கறுத்துப்போகும். அது வழக்கம்தான் என்று எனக்குத் தெரியும். என் வயிற்றுக்குத் தெரியாது. நாலாவது தடவையும் கறுத்தது. அப்போதுதான் புரிந்தது: நான் ஒரு டிரைவரைப் போட்டுக்கொண்டிருக்க, பின்னால் விண்டோஸ் அப்டேட்டும் தன் பங்குக்கு ஒரு பழைய டிரைவரை இறக்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. திரும்பி வந்தபோது கார்டின் பெயர் சரியாக இருந்தது. பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஆச்சரியக்குறி, கோட் 43, அதாவது கார்டில் ஏதோ கோளாறு என்று விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, நான் செய்கிற வேலைதானே.

அப்புறம் நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடுக்குப் போய், இரண்டு டிரைவர்களையும் டிடியூ என்கிற துடைத்தெடுக்கும் மென்பொருளால் சுரண்டி எடுத்து, மறுபடி முதலிலிருந்து. ஆறு மணி நேரம். கடைசியில் திரை ஒரு தடவை சிமிட்டியது. 1920-க்கு 1080! மச்சான் இளைத்துவிட்டார். எழுத்தெல்லாம் ஊசி முனையில் எழுதியதுபோல் அத்தனை கூர்மை. பெருமையாக அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

கழுத்தை நீட்டினார். இன்னும் நீட்டினார். மூக்கு திரையில் பட்டது.

"மத்தியானம் எட்டிப் பார்த்தேனே, அப்ப எழுத்து நல்லாப் பெருசா இருந்துதேப்பா. அதையே விட்டிருக்கலாமே?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த எஸ்எஸ்டியையும் பரணில் போட்டிருப்பேன். பேசாமல் செட்டிங்ஸில், எழுத்தையெல்லாம் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங்கை 175 சதவீதத்தில் வைத்தேன். 1920-ஐ 1.75-ஆல் வகுத்துப் பாருங்கள், அகலம் 1097 என்று வரும். காலையில் இருந்தது 1024. ஆறு மணி நேரத்தில் நான் சம்பாதித்தது 73.

அப்பா ஒரு வரியைப் படித்தார். அடுத்த வரியைப் படிக்கும்போது கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். மூன்றாவது வரிக்கு முதுகு நாற்காலியில் சாய்ந்துவிட்டது. அந்த நாற்காலியில் அவர் சாய்ந்து நான் பார்த்ததே இல்லை.

திரையின் நடுவில் மூக்கு அச்சு அப்படியே இருந்தது. துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனேன்.

"மறைக்காதப்பா, தள்ளு" என்றார்.