ஒரு நாள் லீவு, இரண்டு நாள் கூலி

2024 ஜனவரி 16, செவ்வாய்

கரண்ட் இன்னும் வரவில்லை. நோட்டில் எழுதி வைக்கிறேன், வந்ததும் தட்டச்சு செய்துகொள்ளலாம்.

நேற்று மொரிஷியஸில் பெலால் புயல். காலையில் வழக்கம்போல எல்லோரும் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தோம். என் அலுவலகம் எபேனில், மேட்டில்; பிரெஞ்சுக் கம்பெனிகளுக்கு இங்கிருந்து கணக்குப் பார்க்கிறோம். நேற்று பார்த்து ஒரு வாடிக்கையாளரைச் சந்திக்கப் போர்ட் லூயிஸ் போக வேண்டியிருந்தது. தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். எச்சரிக்கை இன்னும் ஏறவில்லையே என்றார்கள். அப்புறம் ஏறியது. எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பக் காரை எடுத்தோம், ஒருவரும் நகரவில்லை. தண்ணீர் தெருவோடு இறங்கி வந்தது. முதலில் சக்கரம், பிறகு கதவு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினேன். ஒரு துணிக்கடையின் மாடிப்படியில் நின்று பார்த்தபோது என் கார் மெதுவாகத் திரும்பி, பின்னால் நின்ற வேன்மேல் சாய்ந்துகொண்டது, தூக்கம் வந்த பிள்ளை மாதிரி.

காரைப் பற்றிப் புலம்ப இதை எழுதவில்லை. அந்தப் படிக்கட்டில் நான்கு மணி நேரம் நின்றேன். அதில் அரை மணி நேரம், பாரிஸுக்குப் போக வேண்டிய ஒரு கணக்கு அட்டவணையைக் கைபேசியில் திருத்தி அனுப்பினேன். பேட்டரி 11 சதவீதம் இருந்தது. வீட்டுக்குப் பேசுவதற்கு முன்னால் அதை அனுப்பினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. யாராவது திட்டி அனுப்ப வைத்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது.

ஜனவரி 26, வெள்ளி, இரவு 11.40

நேற்று தைப்பூசக் காவடி. இந்த நாட்டில் அது அரசு விடுமுறை. காரைக்காலிலிருந்து கல்யாணமாகி வந்த முதல் வருடம் அதை நம்பவே முடியவில்லை எனக்கு. இவர் பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுத்தார். அத்தை வாழை இலையில் ஏழு கறி வைத்தார்கள். இங்கே அதற்குப் பெயரே ஏழு கறிதான், இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் ‘செத் காரி’. ரசத்துக்கு ‘ராசோன்’. தமிழ் பேச வராதவர்கள் வீட்டிலும் அந்தச் சாப்பாட்டில் தமிழ் உட்கார்ந்திருக்கிறது.

சரி, பிரான்சில் காவடிக்கு லீவு கிடையாதே. இன்று காலை போனால் வியாழன் வேலை அப்படியே என் மேசையில் காத்துக்கொண்டிருந்தது, வெள்ளி வேலை அதன் தலையில். இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். மகள் தூங்கிவிட்டாள். தட்டில் நேற்றைய பூசணிக்காய்க் கறி கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 24, சனி

மகளுக்குப் பள்ளியில் ஏதோ வரைய வேண்டுமாம். ஆப்ரவாசி காட் போனோம். துறைமுகத்தில் இருக்கும் அந்தப் பதினாறு கற்படிகள். 1834 முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கிய இடம். 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. முன்பு அதன் பெயர் கூலி காட். கூலி என்ற சொல்லை உலகத்துக்கு நாம்தான் கொடுத்தோம் என்று இவர் மகளிடம் சொன்னார். பெருமையாகச் சொன்னாரா, வருத்தத்தோடா, தெரியவில்லை.

எனக்கு மனதில் தைத்தது வேறொன்று. அந்தக் காலத்தில் இங்கே இரட்டைப் பிடித்தம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி போய்விடும். ஆண்களுக்கே மாதம் ஐந்து ரூபாய்தான் கூலி, ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு. பத்து நாள் வராதவன் இருபது நாள் கூலியை இழந்தான். கடைசியில் 1871இல் அடால்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற கரும்புத் தோட்ட நிர்வாகி ஒருவர் தொழிலாளர்களுக்காக மனு எழுதினார். அதில் 9,401 பேர் பெயர் போட்டார்கள். அதன் பிறகுதான் விசாரணைக்கு ஆணையம் வந்தது.

குளிரூட்டிய அறையில் சுழல் நாற்காலியில் உட்காருகிறவள் தன்னை அவர்களோடு ஒப்பிடக் கூடாது. தெரியும். ஆனாலும் அந்த ‘ஒரு நாளுக்கு இரண்டு நாள்’ என்ற கணக்கைக் கேட்டதும் காவடிக்கு மறுநாள் இரவுதான் நினைவுக்கு வந்தது. அத்தையிடம் சொன்னேன். “ஆயோ, இது எங்க பாட்டி சொல்லுமே” என்றார்கள். அவர்களுக்கு இது வரலாறு இல்லை, வீட்டுப் பேச்சு.

மார்ச் 3, ஞாயிறு

நான் கணக்குப் பார்க்கிறவள். எட்டு வருடமாக ஊரான் கணக்கெல்லாம் பார்த்தேன், என்னுடையதைப் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன், புயலுக்கு முந்தைய டிசம்பர் மாதத்தை வைத்து.

கைக்கு வரும் சம்பளம் 48,000 மொரிஷியஸ் ரூபாய். வேலைக்குப் போகக் கார் வேண்டும்: தவணை 13,200. பெட்ரோல், நிறுத்தக் கட்டணம் 6,500. மதியச் சாப்பாடு, காபி 5,000. மகளோடு உட்கார எனக்கு நேரமில்லாததால் டியூஷன் 2,500. சமைக்கத் தெம்பில்லாத இரவுகளில் வாங்கிய சாப்பாடு 4,000. இதற்குக் களைப்பு வரி என்று பெயர் வைத்தேன். ஆக 31,200 போக மிச்சம் 16,800. மாதம் 22 நாள், வாசற்படி தாண்டித் திரும்பி வரும்வரை நாளுக்கு 12 மணி நேரம். மணிக்கு 63 ரூபாய் சொச்சம். ரோட்டோரத்தில் இரண்டு ஜோடி தோல்பூரி (பருப்பு ரொட்டி) வாங்கி ஒரு டீ குடிக்கலாம்.

இவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “காருக்காக வேலைக்குப் போறியா, வேலைக்காகக் கார் வாங்கினியா?” என்றார். இப்போது கார் இல்லை. காப்பீட்டில் வந்த பணம் கடனில் பாதியைத்தான் அடைத்தது. மாதங்கள் குறைந்தன, தவணை குறையவில்லை. எங்கள் ஊர் சேன் பியேரிலிருந்து பஸ்ஸில் ரெதுய், அங்கிருந்து மெட்ரோவில் எபேன் என்று ஏழு வாரமாகப் போய்வருகிறேன். காரில் போனதைவிட அதிக நேரம் ஆகவில்லை என்பதுதான் எரிச்சல்.

மார்ச் 17, ஞாயிறு

அத்தையிடம் வாயைத் திறந்தேன். வேலையை விட்டுவிட்டு எளிமையாக வாழலாம் என்று பார்க்கிறேன் அத்தை, பின்னால் தோட்டம் போடலாம், இப்படி. ‘எளிமை’ புரியவில்லை. பிரெஞ்சில் சொன்னேன். புரிந்ததும் சிரித்தார்கள். சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

பிறகு சொன்னதை அவர்கள் தமிழும் கிரியோலுமாகக் கலந்து சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். பதினைந்து வயதில் கரும்புத் தோட்டத்தில் இறங்கியவர்கள். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து உலை வைத்து, லாரி ஏறி, விடிவதற்குள் வயலில் இருக்க வேண்டும். கல் பொறுக்குவது, களை எடுப்பது, வெட்டிய கரும்பைச் சுமப்பது. கரும்புத் தோகை கையைக் கீறும் என்பதால் வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை, காலுறை. “அப்போ நாங்க ரொம்ப எளிமை” என்றார்கள்.

அஞ்சலையைத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும், அஞ்சலை குப்பன். 1943 செப்டம்பர் 27, பெல் வியூ ஆரேல். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் போலீஸ் சுட்டது. வயிற்றில் பிள்ளையோடு அவளும், இன்னும் சிலரும் செத்தார்கள். “அவ கூலிக்காகச் செத்தா. நீ கூலி வேணாங்கிற.” கோபமில்லை குரலில். அதனால் எனக்குப் பதில் வரவில்லை.

இரவு முழுக்க அதையே நினைத்துக் கிடந்தேன். எளிமை என்று நான் ஆசைப்படுவதிலிருந்து தப்பிக்கத்தான் அவர்கள் முப்பது வருடம் குனிந்து நிமிர்ந்தார்கள். இணையத்தில் மண்பானையும் சாணித் தரையும் படமெடுத்துப் போடுகிறவர்களை எனக்கு ஏற்கெனவே பிடிக்காது. நானும் அந்தக் கூட்டமா?

ஏப்ரல் 2, செவ்வாய்

ஒரு வேடிக்கை. ஞாயிறன்று பிரான்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். நேற்று அவர்களுக்கு ஈஸ்டர் லீவு. இன்றிலிருந்து எங்களுக்கும் பாரிஸுக்கும் வித்தியாசம் மூன்று மணி இல்லை, இரண்டு மணி. அவர்கள் மாலை ஆறுக்குக் கடையைச் சாத்தும்போது இங்கே எட்டு. போன வாரம்வரை ஒன்பது.

எட்டரைக்கு வீட்டில் இருந்தேன். மகள் விழித்திருந்தாள். வருடத்தில் ஏழு மாதம் அவளை விழித்த கண்ணோடு பார்ப்பதா வேண்டாமா என்பதை ஏதோ ஒரு ஊர்க் கடிகாரம் தீர்மானிக்கிறது. மொரிஷியஸும் 2008 அக்டோபரில் ஒரு கோடைக்கு முள்ளைத் தள்ளிப் பார்த்தது. அடுத்த வருடம் வேண்டாமென்று விட்டுவிட்டது. இவருக்கு நினைவிருக்கிறது. “சேவல் ஒத்துக்கல” என்றார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

குரோதி வருடப் பிறப்பு. கிழக்கே பிளாக் என்ற ஊரிலிருந்து இவரது சித்தி வந்திருந்தார், ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு. இங்கே அது ‘ப்ரெத் முரூம்’. பீர்க்கங்காய் ‘பிப்பாங்காய்’. கடல் தாண்டி வந்ததில் காய்களின் பெயர்கள்தான் அதிகம் மாறாமல் தப்பித்திருக்கின்றன.

சாப்பிட்டு முடித்ததும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். நாளை ராஜினாமா கொடுக்கிறேன், முப்பது நாள் முன்னறிவிப்பு, மே நடுவில் விடுதலை. அப்புறம் மூன்று சின்னக் கடைகளுக்கு மாதக் கணக்கு எழுதித் தருவேன், காலையில் மட்டும், 14,000 வரும். கோவில் மாலைப் பள்ளியில் வாரம் இரண்டு நாள் தமிழ் சொல்லித் தருவேன். அதில் பஸ் செலவு தேறும். கடனுக்கு இன்னும் 19 தவணை. வருவதில் கிட்டத்தட்ட முழுதும் அதற்கே போகும்.

இவர் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறார், அரிசி பருப்பு அதில்தான். அது இல்லாவிட்டால் எனக்கு இந்த யோசனையே வந்திருக்காது. இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சித்திக்குப் பாயசம் ஊற்றினார்கள்.

மே 19, ஞாயிறு

மூன்று நாள் நன்றாக இருந்தது. நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு மடிக்கணினியைத் திறந்து, கடவுச்சொல் கேட்கும் காலிப் பெட்டியை வெறித்துக்கொண்டிருந்தேன். உடம்புக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

தோட்டம் என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன். மொத்த மனையே ஏழு பெர்ச், ஏறத்தாழ 300 சதுர மீட்டர், அதில் வீடு போகக் கொல்லைப்புறம். இந்த ஏழு பெர்ச்சுக்கும் ஒரு கதை உண்டு. 2006 தொடங்கி ஐரோப்பிய ஒன்றியம் இங்கிருந்து வாங்கும் சர்க்கரைக்கு உறுதியளித்திருந்த விலையை நான்கு வருடத்தில் 36 சதவீதம் குறைத்தது. தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. விருப்ப ஓய்வு என்று பெயர். ஒரு தொகையும் ஏழு பெர்ச் நிலமும் கொடுத்தார்கள். அத்தை ஐம்பது வயதில் அப்படி வெளியே வந்தவர்கள். விருப்பத்தை யார் கேட்டார்கள் என்பார்கள். ஆனால் அந்த நிலத்தைப் பற்றிப் பேசும்போது குரல் மாறும். தன் பெயரில் பத்திரம் இருக்கிற முதல் மண். கரும்பு மட்டும் நடக்கூடாது என்று அன்றே முடிவு செய்தார்களாம். ஒரு கன்றுகூட இல்லை.

இருப்பது சௌசௌ பந்தல். இந்த மேட்டு நிலக் குளிருக்கு அது கேட்காமலே வளர்கிறது. காயைவிடக் கொழுந்துக்குத்தான் இங்கே மதிப்பு. கீரையாகக் கிள்ளிக் கட்டி விற்கிறார்கள். ஊரில் என் அம்மா சௌசௌ கூட்டு வைப்பார்; கொடியைத் தின்னலாம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

நான் நட்ட வெங்காய நாற்றை நத்தை தின்றுவிட்டது. இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்க வேண்டுமாம். இதை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை.

ஜூன் 29, சனி

அறுவடை தொடங்கிவிட்டது. கரும்பு லாரிகள் போகும்போது ஜன்னல் அதிர்கிறது, ரோட்டில் தோகை கிடக்கிறது. அத்தை வாசலில் நின்று ஒவ்வொரு லாரியையும் பார்க்கிறார்கள், பாரம் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று.

பணம் இறுக்கமாகத்தான் இருக்கிறது. இந்த மாதம் மகளுக்குக் காலணி வாங்குவதைத் தள்ளிப் போட்டோம். டியூஷன் நிறுத்தியாயிற்று, நான் சொல்லித் தருகிறேன், இருவரும் சண்டை போடுகிறோம், பெருக்கல் வாய்ப்பாடு ஏழில் நிற்கிறது. பழைய அலுவலகத்திலிருந்து ஒருத்தி அழைத்தாள், திரும்பி வருவாயா, ஆள் போதவில்லை என்று. உடனே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. யோசிப்பதாகச் சொன்னேன். இரண்டு நாள் உண்மையாகவே யோசித்துவிட்டு இன்று காலை இல்லை என்று செய்தி அனுப்பினேன்.

அத்தையும் நானும் விடிகாலையில் கொழுந்து கிள்ளினோம். பன்னிரண்டு கட்டு. குனிந்து கிள்ளுவதில் அவர்கள் கை வேகத்துக்கு என் கை பாதிகூட இல்லை. பஸ் அவர்கள் வயதுக்கு இலவசம் என்பதால் சந்தைக்கு அவர்களே போனார்கள். பத்து மணிக்குத் திரும்பி வந்து, சுருக்குப் பையைத் திறந்து, ஒரு நூறு ரூபாய் நோட்டை என் கையில் வைத்தார்கள். இந்த நாட்டுத் தமிழ் அரசியல்வாதி சீனிவாசன் படம் போட்ட நோட்டு, தமிழ் எழுத்து உள்ளது. 1998இல் தமிழை இந்திக்குக் கீழே அச்சிட்டுவிட்டு, நம்மவர்கள் போட்ட சத்தத்தில் நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். அந்தக் கதையை இதுவரை எனக்கு நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

“என்ன அத்தை இது?”

“கூலி.”

வாங்க மாட்டேன் என்றேன். வாங்காமல் போனால் நாளைக்கு ஆள் வைத்துக்கொள்வேன் என்றார்கள். வாங்கிக்கொண்டேன். உள்ளே போகத் திரும்பியவர்கள் நின்று, “நாளைக்கு வரலன்னா ரெண்டு நாள் பிடிப்பேன்” என்றார்கள்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. இரவுக்குள் போய்க் கேட்டுவிட வேண்டும்.