ஜப்பான் மொழியில் 'முடியும்'

தண்டையார்பேட்டையில் சாயங்காலம் ஜப்பான் மொழி சொல்லித் தருகிறேன், பசங்க எல்லாரும் தடுமாறுகிற இடம் இந்த 'முடியும்' வடிவம்தான். நாம் 'என்னால் படிக்க முடியும்' என்று தனியாக ஒரு வினை சேர்ப்போம், அவர்கள் வினையின் வாலையே மாற்றிவிடுவார்கள்: யொமு என்றால் படிப்பது, யொமெரு என்றால் படிக்க முடிவது. கடைசி உகரம் எகரமாகி ரு சேரும், அவ்வளவுதான். ஹனசு என்றால் பேசுவது, ஹனசெரு என்றால் பேச முடிவது.

சிக்கல் தபெரு (சாப்பிடுவது) மாதிரி வினைகளில். தபெரரெரு என்பது சாப்பிட முடிவதையும் சொல்லும், சாப்பிடப்படுவதையும் சொல்லும், மரியாதைக்கும் அதே வடிவம். அதனால்தான் பேச்சில் நிறைய பேர் நடுவில் ஒரு 'ர'வை விட்டு தபெரெரு என்கிறார்கள், எனக்கு அது ரொம்ப நியாயமாகப் படுகிறது, ஆனால் பரீட்சையில் மட்டும் முழுசாக எழுதிவிடுங்கள். சுரு (செய்வது) டெக்கிரு ஆகும், குரு (வருவது) கொரரெரு ஆகும், இந்த இரண்டையும் மனப்பாடம் பண்ண வேண்டியதுதான்.

அப்புறம் மியெரு. காசிமேட்டுப் பக்கம் மொட்டைமாடியில் ஏறினால் படகுகளுக்கு அந்தப் பக்கம் கடல் தெரியுமே, நாம் எந்த முயற்சியும் பண்ணாமல் கண்ணில் படுவது, அதற்கு மியெரு. ஞாயிற்றுக்கிழமை லீவு, அதனால் மேட்ச் பார்க்க முடியும் என்றால் மிரரெரு. தமிழில் 'தெரியுது', 'பார்க்க முடியுது' என்று இரண்டையும் ஏற்கெனவே பிரித்துத்தான் பேசுகிறோம், அதனால் இங்கிலீஷ் வழியாகப் போகாமல் நேராகத் தமிழிலிருந்தே யோசியுங்கள். காதால் கேட்பதற்கான கிக்கொஎரு, கிக்கெரு ஜோடியும் இதே கணக்குதான், தெருவில் மீன்காரம்மா குரல் தானாகக் காதில் விழுந்தால் முதலாவது.