குபைதுலினா கேட்ட நாட்கள்

மார்ச் 14, 2025
சோஃபியா குபைதுலினா நேற்று காலமானார். வயது 93. 1992-லிருந்து ஜெர்மனியில், ஹாம்பர்க் அருகே அப்பென் என்ற சின்ன ஊரில்தான் வாசம். செய்திகளில் எல்லாம் 'ரஷ்ய இசையமைப்பாளர்'. அப்பா ரஷ்யாவின் சிறுபான்மையினரான தாதர் இனத்தவர், பிறந்தது தாதர் மண்ணில் உள்ள சிஸ்டபோல், வளர்ந்தது கசான் என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

மார்ச் 16
அவருடைய வயலின் கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) 'ஒஃபெர்டோரியம்' கேட்டேன். வயலின் கலைஞர் கிதோன் கிரெமர் டாக்சியில் கூட வந்தபோது, எனக்கொரு கான்செர்ட்டோ எழுதுங்களேன் என்றாராம். குபைதுலினா, பழைய ஜெர்மன் இசைமேதை பாஹ் கையாண்ட மெட்டு ஒன்றை எடுத்துக்கொள்கிறார். முதலில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் இரண்டு மூன்று ஸ்வரமாகப் பிரித்துக் கொடுக்கிறார். கடைசி ஸ்வரம் மட்டும் வராது, வயலின் நுழைந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் மெட்டின் இரு முனையிலும் ஒவ்வொரு ஸ்வரம் உதிர்கிறது. நடுவில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அங்கிருந்து மறுபடி வளர்ந்து, முடிவில் கடைசி ஸ்வரத்திலிருந்து முதல் ஸ்வரம் நோக்கி முழு மெட்டும் வருகிறது. தெரியாமல் கேட்டால் இது எதுவும் காதில் விழாது. தெரிந்துகொண்டு கேளுங்கள் என்பதே என் கட்சி.

அரங்கேற்றம் 1981, வியன்னா. ஆள் ஜெர்மனி போக இன்னும் பதினோரு வருடம் இருந்தது.

மார்ச் 19
1979-இல் சோவியத் இசையமைப்பாளர் சங்க மாநாட்டில் தலைவர் க்ரென்னிகோவ் ஏழு பேரைப் பெயர் சொல்லித் திட்டினார். குபைதுலினாவும் ஒருவர். அனுமதியில்லாமல் அவர்கள் இசை மேற்கு நாடுகளில் வாசிக்கப்பட்டதுதான் குற்றம். பிழைப்புக்குத் திரைப்பட இசை இருந்தது. 'ஜங்கிள் புக்' கதையைச் சொன்ன சோவியத் 'மௌக்ளி' கார்ட்டூனுக்கு இசை இவருடையதுதான்! அவருடைய 'ஏழு வார்த்தைகள்' இயேசு சிலுவையில் பட்ட வேதனையைச் சொல்வதால், மதம் ஆகாத சோவியத்தில் வெறும் 'பார்ட்டிட்டா' (பல பகுதிகள் கொண்ட வாத்திய இசை) என்று அச்சானது.

மார்ச் 22
ஜெர்மனி போனபின் பெரிய அழைப்புகள். 2000-இல் பாஹ் நினைவாண்டுக்கு ஸ்டுட்கார்ட் கேட்ட யோவான் பாடுகளை (யோவான் நற்செய்தி சொல்லும் இயேசுவின் துன்பக் கதை) ரஷ்ய மொழியில் எழுதினார். 2007-இல் வயலின் கலைஞர் ஆனி-சோஃபி முட்டருக்கு ஒரு வயலின் கான்செர்ட்டோ. சரி, மதிப்புதான். எனக்கென்னவோ 1978-இன் 'டி புரொஃபுண்டிஸ்' போதும்: ஒரே ஒரு பயான், அதாவது பொத்தான் வைத்த ரஷ்ய அக்கார்டியன். சில இடங்களில் ஸ்வரமே இல்லை. துருத்தி காற்றை இழுத்து விடுவது மட்டும் கேட்கிறது.

அடுத்து 1986-இன் சிம்ஃபொனி. அதில் ஒரு பகுதி, வாத்தியங்கள் ஓய்ந்திருக்க, இசைக்குழு நடத்துநரின் கை அசைவுக்கு மட்டும் எழுதியது. ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு என்ன செய்ய? காணொலி தேட வேண்டும்.