நான்கு மொட்டு, ஒரு கண்ணி

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் முடித்து வரும் கைகளுக்குப் பூக்கட்டுவது சீக்கிரம் பிடிபடும். நாள் முழுக்க நுண்ணிய பாகங்களைத் தொட்டுப் பழகிய விரல்கள் அவை. பிடிபடாதது வேறொன்று. தொழிற்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்று கணக்கு இருக்கும். சாமிக்குக் கட்டும் சரத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. அதை மறக்கவே சில வாரங்கள் ஆகும்.

முதலில் நேரம். மல்லிகை மொட்டு சாயங்காலம் வாய் திறக்கத் தொடங்கும். திறந்த பூவின் காம்பு கையில் நிற்காது, இதழும் உதிரும். அதனால் மதியமே வாங்கி, ஈரத் துணியைப் பிழிந்து அதில் சுற்றி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட வேண்டும். தண்ணீரில் போட்டு வைப்பதுதான் புதிதாகக் கட்டுபவர்கள் செய்யும் பெரிய தவறு. இதழிடுக்கில் தங்கிய ஈரம் காலைக்குள் பூவைப் பழுப்பாக்கிவிடும். பினாங்கின் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம்.

வாழைநார் கிடைத்தால் பத்து நிமிடம் ஊறவைத்து மெல்லிசாகக் கிழித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பருத்தி நூல். நைலான் நூல் வேண்டாம், இழுத்ததும் காம்பை அறுத்துவிடும்.

இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நூலைப் பிடித்திருக்கும். அதன்மேல் இரண்டு மொட்டு இடப்பக்கம் பார்த்து, இரண்டு வலப்பக்கம் பார்த்து. நான்கு காம்பும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று வந்து படியவேண்டும். வலது கை நூலை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு வளையம் முறுக்கி, காம்புகளின்மேல் மாட்டி இழுக்கும். நான்கு மொட்டு சேர்ந்த இந்த ஒரு கட்டுதான் ஒரு கண்ணி. அந்த இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் கூடினால் காம்பு நசுங்கி மொட்டின் தலை சாயும். கொஞ்சம் குறைந்தால் தூக்கிப் பிடித்ததும் பூ வழுக்கி விழும். நூல் காம்பில் லேசாகப் பதியும்போது விரல்நுனிக்கு ஒரு சின்ன அழுத்தம் தெரியும். அங்கே நிறுத்த வேண்டும். இதைச் சொல்லித் தர முடியாது, நூறு கண்ணி கட்டினால் கை தானாகத் தெரிந்துகொள்ளும்.

நெருக்கமான சரம் என்றால் ஒரு விரற்கடைக்கு, அதாவது ஒரு விரல் அகலத்துக்கு, இரண்டு கண்ணி. ஒரு முழம் 24 விரற்கடை. ஆக 48 கண்ணி, 192 மொட்டு. பழகிய கைக்கு இது பெரிய வேலையில்லை. ஆனால் அந்த 48 கண்ணியும் ஒரே அளவாக வருவது பெரிய காரியம். கட்டி முடித்த முழத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாளைய ஷிப்ட்டை நினைத்த இடத்தில் இடைவெளி விழுந்திருக்கும். வீட்டில் நடந்த வாக்குவாதம் ஓடிய இடத்தில் கண்ணி இறுகிக் காம்பு கறுத்திருக்கும். மனம் எங்கே போய் வந்தது என்று இவ்வளவு பச்சையாகக் காட்டும் வேறு பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. கண்மூடி உட்கார்ந்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாம். சரத்திடம் அது நடக்காது.

அதனால்தான் நாமத்தோடு கட்டச் சொல்கிறார்கள். ‘சரவணபவ’ என்றால் எழுத்துக்கு ஒரு கண்ணி, ஆறு எழுத்துக்கு ஆறு. எட்டு முறை சொன்னால் ஒரு முழம் முடிந்திருக்கும். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. தொடக்கத்தில் எண்ணிக்கை தப்பும், தப்பட்டும். பிரித்துக் கட்ட வேண்டாம், அடுத்த எழுத்திலிருந்து தொடர்ந்தால் போதும். கொஞ்ச நாளில் மூச்சும் இழுப்பும் ஒன்றாக வரத் தொடங்கும்.

கோயிலுக்கென்றால் சில வரைமுறைகள் உண்டு. முகர்ந்த பூவும் தரையில் விழுந்த பூவும் ஆகாது. சிவனுக்குத் தாழம்பூ இல்லை, பிள்ளையாருக்குத் துளசி இல்லை. மணத்தை முகராமல் இருப்பதுதான் இவற்றில் கடினம். மடியில் மல்லிகை குவிந்திருக்கும்போது மூக்கு தானாகக் குனியும். அந்த ஒரு கணம் நிமிர்வதும் வழிபாடுதான்.

திருப்புகலூர் முருக நாயனார் செய்த தொண்டு இதுவே. கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று பறித்து வந்து, வகைக்கு ஏற்றபடி இண்டை, கண்ணி, தொடையல் என்று பலவகை மாலைகளாகக் கட்டிச் சிவனுக்குச் சாத்தினார். அறுபத்துமூவரில் அவருக்கு இடம் கிடைத்தது இந்தக் கைவேலையால்.

பூக்கடையில் பிழைப்புக்காகக் கட்டுபவர்களுக்கு இது இன்னும் நுட்பமான விஷயம். தைப்பூச வாரத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் வரிசையில் நிற்கும்போது வேகம்தான் சோறு போடும். அதே கை, வெள்ளிக்கிழமை குயின் தெரு மாரியம்மனுக்கென்று ஒரு முழம் எடுக்கும்போது, வேகத்தை வேண்டுமென்றே குறைத்தாக வேண்டும். 1833இல் எழுந்த கோயில் அது, அவசரமில்லை. கடை நூலிலேயே கட்டாமல் தனி நூற்கண்டு வைத்துக்கொள்வது நல்லது. நூல் மாறும்போது கையும் மாறும்.

மறுநாள் அந்தச் சரம் நிர்மால்யமாக, சாத்திக் கழித்த பூவாக, கழற்றப்படும். வாங்கி வந்தால் நூலை உருவிவிட்டுப் பூவைச் செடியடியில் போடலாம். மதியம் அடுத்த மொட்டு வந்துவிடும்.